பட்டமளிப்பு மேடையில் தோடர் சால்வை யாருக்கு?

ஜனவரி 17

நீலகிரியில் கூடலூர் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பள்ளியில் இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா மாதிரி ஒன்று நடத்துகிறோம். கறுப்பு அங்கி, தொப்பி வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது. ஆதிவாசிப் பிள்ளைகள் நிறைய இருப்பதால் அவர்கள் பாரம்பரியத்தையும் சேர்க்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். ஒரு பழங்குடி நடனம் வைத்தால் போதுமா?"

அந்த நடனத்தை வைக்கவே வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். ஆடப்போவது யார், சொல்லிக்கொடுக்கப்போவது யார்? டவுனிலிருந்து டான்ஸ் மாஸ்டர் வருவார் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நானே ஆடியிருக்கிறேன்.

அப்போது ஆறாம் வகுப்பு. கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். பச்சைக் காகிதத்தை இலை மாதிரி வெட்டி இடுப்பில் கட்டிவிட்டார்கள். முகத்தில் கரி. கையில் அட்டை ஈட்டி. பாட்டு என்று போட்டதில் பொருளுள்ள ஒரு சொல்கூட இல்லை, வெறும் கூச்சல். எனக்கு அடுத்து நின்றவள் இருளர் பெண், என் பெஞ்சில் உட்காருகிறவள். அவளுக்கும் கரி பூசினார்கள். அவள் வீட்டுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், அங்கே யாரும் இலை கட்டிப் பார்த்ததில்லை. அவள் பாட்டி துவைத்த சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேத்தி மேடைக்கு வந்தும் அடையாளம் தெரியாமல், "எம் புள்ள எங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாராம். பல வருடம் கழித்து அவள்தான் இதைச் சொன்னாள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டாள். நடனத்தால் நிறுத்தினாள் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஆயிரம் கஷ்டம். ஆனால் அந்தப் பள்ளி அவளுடைய மக்களைப் பற்றி ஊர் முன்னால் சொன்னது அந்த ஒன்றுதான்.

நீலகிரியில் ஏழு பழங்குடிகள் இருக்கிறார்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், படகர். உங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளைகள் என்று முதலில் சொல்லுங்கள். தோடர் கொட்டு வேறு, பணியர் கொட்டு வேறு. "பழங்குடி நடனம்" என்று பொதுவாக ஒன்று கிடையாது.

ஜனவரி 17, இரவு

"நீங்கள் ஆதிவாசியா, அவர்களுக்காகப் பேச நீங்கள் யார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் ஆதிவாசி இல்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பம். அப்பாவும் அம்மாவும் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் கொழுந்து எடுத்தார்கள். எங்களை இங்கே "சிலோன்காரங்க" என்பார்கள். இந்த மலையில் நாங்கள் பிந்தி வந்தவர்கள். கோத்தகிரி வட்டத்தில் 14 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அவர்களுக்காகப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தின் பக்கத்திலிருந்து, பள்ளிக்கூடம் செய்த தப்பைப் பேசுகிறேன்.

ஜனவரி 18

இரண்டு திருத்தம். இரண்டும் என் தப்பு.

ஒன்று, நேற்று எழுதிய "ஏழு". அரசுப் பட்டியலில் நீலகிரியின் பழங்குடிகள் ஆறுதான். படகர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு படகர் நண்பர் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, பட்டியலில் சேர்க்கக் கேட்டு அவர்கள் பல காலமாகக் கோரிக்கை வைப்பதையும் நினைவுபடுத்தினார். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் இந்த மலைப் பள்ளிகளில் "உள்ளூர் கலாசாரம்" என்றாலே படகர் ஆட்டம் ஒன்றோடு முடிந்துவிடுகிறது, அதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆட்டம் அழகு, எல்லாருக்கும் வரும், டீச்சர்களும் சேர்ந்து ஆடுவார்கள். நானும் ஆடுவேன். ஆனால் அதை ஆடிவிட்டு இருளர் பிள்ளையிடம் "உன் கலாசாரத்தைச் சேர்த்துவிட்டோம்" என்று சொல்ல முடியாது.

இரண்டு, "தோடர் கொட்டு". தோடர் ஆட்டத்துக்குக் கொட்டு இல்லை. கையைக் கோத்து வட்டமாக நின்று அவர்கள் எழுப்பும் குரல்தான் தாளம். கொட்டும் குழலும் கோத்தருடையவை. ஊட்டி கோடை விழாவில் எல்லாரையும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பார்த்துப் பார்த்து எனக்கே குழம்பிப் போயிருக்கிறது.

ஜனவரி 19

சால்வை விஷயத்தை எழுதாமல் தூக்கம் வராது.

நீலகிரியில் எந்த விழாவுக்குப் போனாலும் பொன்னாடைக்குப் பதிலாகத் தோடர் சால்வை போர்த்துவது வழக்கமாகிவிட்டது. போன வருடம் நான் இருந்த ஒரு விழாவில் மேடையில் மூன்று சிறப்பு விருந்தினர். மூவருக்கும் சால்வை. கீழே முதல் வரிசையில், பத்தாவது முடிக்கும் தோடர் பெண் வாடகைக் கறுப்பு அங்கியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கையில் ஒரு சான்றிதழ், ஒரு பேனா.

விழா முடிந்து நாற்காலி மேல் கிடந்த ஒரு சால்வையை அவள் அம்மா விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இது நாங்க தெச்சது இல்ல டீச்சர்" என்றார். கடையில் வாங்கிய மிஷின் சால்வை.

தெரியாதவர்களுக்காக: தோடர்கள் அதைப் புத்துக்குளி என்பார்கள். வெள்ளை முரட்டுப் பருத்தித் துணி, அதில் சிவப்பும் கறுப்பும் நூல். கோலம் எதையும் துணியில் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசி போகும். நெய்ததா தைத்ததா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நெருக்கமாக இருக்கும். பெண்கள்தான் தைப்பார்கள், வீட்டு வேலைக்கு நடுவில் வெயில் படும் இடத்தில் உட்கார்ந்து. ஒரு சால்வை முடிய மாதங்கள் ஆகும். 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த பிறகும் மிஷின் நகல் கடையில் தொங்குகிறது.

விழாவில் படித்து முடித்தவள் அவள். அவளுடைய மக்களின் துணி அதிகாரி தோளில்.

எந்தப் புத்துக்குளியை எப்போது போர்த்தலாம் என்பதும் அவர்களைக் கேட்க வேண்டிய விஷயம். இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் புத்துக்குளியில்தான். நாம் கடையில் போய் "நல்லா டிசைன் இருக்கிறதா எடுங்க" என்றால் நமக்கு என்ன தெரியும்?

ஜனவரி 19, சற்று முன்

"அப்படியானால் சால்வையே போர்த்தக் கூடாதா, அந்தப் பெண்களின் பிழைப்பு என்னாவது?" என்று கேட்டவருக்கு: போர்த்துங்கள். தைத்தவரிடமே நேரில் வாங்குங்கள். பிள்ளைக்கு முதலில்.

ஜனவரி 24

நேற்று கோத்தர் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர்களுடைய அய்யனோர்–அம்மனோர் திருவிழா முடிந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டுதான் போனேன். மார்கழி, தை வாக்கில் வரும் அந்த நாட்களில் அவர்களுக்கு வேறு எதிலும் கவனம் இருக்காது. பள்ளிக்காரர்கள் அந்தச் சமயத்தில் ஒத்திகை வைத்துவிட்டு "வர மாட்டேங்கிறாங்க" என்று குறை சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் பள்ளியின் பட்டமளிப்பு விழாவுக்கு உங்கள் ஊர்க்காரர்கள் வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டேன். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டதாக எனக்கு நினைப்பு. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உங்க விருந்தாளி நடந்து வர்றதுக்கு முன்னாடி நாங்க ஊதிக்கிட்டுப் போகணும், அதானே டீச்சர்?" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. ஏன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். முன்காலத்தில் தோடர் சாவுக்கும் படகர் சாவுக்கும் கோத்தர்தான் போய் வாசித்தார்கள். மண்பாண்டம், இரும்பு வேலை எல்லாம் அவர்களிடமிருந்துதான் மற்ற ஊர்களுக்குப் போனது. கோத்தகிரி என்ற பெயரிலேயே கோத்தர் இருக்கிறார்கள். அப்படி இருந்தும் சாவுக்கு வாசிப்பதை வைத்து மற்றவர்கள் அவர்களைத் தாழ்வாகப் பார்த்தார்கள். பிறகு அவர்களே அந்த வேலை வேண்டாம் என்று விட்டார்கள். விட்டதற்குப் பின்னால் ஊருக்குள் எத்தனை பேச்சு, எத்தனை மனத்தாங்கல் இருந்திருக்கும். நான் போய் அந்தப் பழைய அழைப்பையே வேறு பெயரில் வைத்திருக்கிறேன்.

இசையைப் பற்றியும் சொன்னார். கொள் என்பது குழலுக்கும் பெயர், அதில் வாசிக்கும் மெட்டுக்கும் பெயர். தெய்வத்துக்கான கொள் தனி, சாவுக்கான கொள் தனி, ஆட்டத்துக்கான கொள் தனி. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரக் கூடாது. "ஏதாவது ஒண்ணு வாசிங்க" என்று மேடையில் மைக்கை நீட்டுகிறோமே, அந்த "ஏதாவது ஒண்ணு" அவர்களிடம் இல்லை.

கிளம்பும்போது அவர் சொன்னது: "எங்க பையன் படிச்சு முடிச்சான்னா எங்க ஊர்ல நாங்க ஊதுவோம். ஆடுவோம். நீங்க எல்லாரும் அங்க வாங்க. வாத்தியாருங்களும் ஆடணும்."

ஜனவரி 25

நேற்றையதைப் படித்துவிட்டு, "அப்போ பள்ளி விழாவில் ஒன்றுமே வேண்டாம் என்கிறீர்களா" என்று கூடலூர் நண்பர் கேட்கிறார். இல்லை. எங்கள் பக்கத்து அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. உங்களிடம் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் அதிகம். பணியர் வீட்டுப் பெரியவர்களே துடி அடித்து, பெண்கள் தாங்களாகவே வட்டக்களி ஆட ஆசைப்பட்டால் அதைவிட நல்லது என்ன? நான் அஞ்சுவது டான்ஸ் மாஸ்டருக்கு. உங்கள் ஊரில் 1988லிருந்து ஆதிவாசி முன்னேற்ற சங்கம் இருக்கிறது, ஆதிவாசிப் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் வித்யோதயா பள்ளி இருக்கிறது. பக்கத்திலேயே இதையெல்லாம் பல வருடம் யோசித்தவர்களை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள்.

பிப்ரவரி 1

வெளிநாட்டில் எப்படி என்று ஒருவர் கேட்டார். நான் படித்த வரையில்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை கழுகு இறகை வைத்து நடக்கிறது. அங்குள்ள பூர்வகுடிப் பிள்ளை படித்து முடிக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒரு கழுகு இறகு கொடுப்பார். அதைத் தொப்பியில் கட்டிக்கொண்டு போனால், சீருடை விதி என்று பள்ளிகள் தடுத்தன. 1940லிருந்து அங்கே கழுகைக் காக்கச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் யாரும் அந்த இறகை வைத்திருக்க முடியாது. பூர்வகுடிகளுக்கு விலக்கு உண்டு. நாட்டின் சட்டமே "இது இவர்களுடையது" என்று ஒத்துக்கொண்ட பொருளை ஒரு பள்ளிக்கூடம் வாசலில் கழற்றச் சொல்லியிருக்கிறது. பிறகு மாநிலம் மாநிலமாகச் சட்டம் போட்டார்கள். மொன்டானா 2017, கலிஃபோர்னியா 2018, அரிசோனா 2021. ஓக்லஹோமாவில் 2023ல் ஆளுநர் அந்த மசோதாவை நிராகரித்தார், சட்டமன்றம் அவர் மறுப்பைத் தள்ளிவிட்டு நிறைவேற்றியது.

நியூசிலாந்தில் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஹாகா ஆட்டத்தை மாவோரி அல்லாத பிள்ளைகளும் சேர்ந்து ஆடுகிறார்கள். ரக்பி ஆட்டத்துக்கு முன்னால் உலகமே பார்க்கும் "கா மாதே" ஹாகா, மாவோரிகளில் ஒரு குலமான ங்காட்டி தோவா மக்களுடையது என்று 2014ல் தனிச் சட்டமே வந்தது. வியாபாரத்துக்கு எடுத்தால் யாருடையது என்று சொல்லியாக வேண்டும்.

இறகு கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அங்கே பிள்ளைகள் மேடையில் நடனம் கேட்கவில்லை. தன் வீட்டுப் பெரியவர் கொடுத்ததை அணிந்துகொண்டு, எல்லாரையும் போல நடந்துபோய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கேட்டார்கள்.

பிப்ரவரி 2

அங்கியைப் பற்றி எனக்குத் திடமான கருத்து இருந்தது. நம் வெயிலுக்கும் நம் உடம்புக்கும் சம்பந்தமில்லாத ஐரோப்பிய உடுப்பு. 2010ல் போபாலில் ஒரு பட்டமளிப்பு மேடையிலேயே அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதைக் கழற்றிவிட்டார், காலனி காலத்து மிச்சம் என்று. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் பள்ளியிலும் அங்கியை நிறுத்திவிட வேண்டும் என்று போன வாரம் கூட்டத்தில் பேசினேன்.

மறுநாள் ஒரு இருளர் பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். அவன் வீட்டில் பத்தாவது வரை வந்த முதல் ஆள். "டீச்சர், கோட்டு கிடையாதாமே?" என்றான். ஆமாம், நம்ம ஊர் உடுப்பிலேயே வரலாமே என்றேன். "எல்லாரும் போட்டோ எடுத்து வச்சிருக்காங்க டீச்சர். நானும் அதைப் போட்டு ஒண்ணு எடுக்கணும்."

அமைச்சர் கழற்றலாம், அவர் போட்டுப் பார்த்தவர். அங்கிகள் நிறைந்த வரிசையில் இவனை மட்டும் "நீ பாரம்பரியமாக வா" என்று நிறுத்துவதும் கரி பூசுவதும் எவ்வளவு தூரம்? நான் அன்று இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். கூட்டத்தில் பேசியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அங்கி வேண்டும் என்பவனுக்கு அங்கி.

பிப்ரவரி 3

"ஊசலாடுகிறீர்கள்" என்று எழுதியவருக்கு: ஆமாம். பிள்ளை வந்து கேட்டால் மாற்றிக்கொள்வேன்.

பிப்ரவரி 9

மொழியைப் பற்றி யாருமே எழுதவில்லையே.

தோடா, கோத்தா, இருளா, குறும்பா, பணியா எல்லாம் திராவிட மொழிகள். தமிழின் கொச்சை என்று இன்றும் ஆசிரியர்களே சொல்கிறார்கள். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. எங்கள் பிள்ளைகள் முதல் வகுப்பில் உட்காரும் நாளன்று அந்த மொழிகளில் ஒரு சொல்லும் அவர்கள் காதில் விழாது. பத்து வருடம் கழித்துக் கிளம்பும் நாளன்றும் விழாது.

பெயரையாவது சரியாகச் சொல்கிறோமா? தோடர் பெயர்களில் வரும் சில ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. வருகைப் பதிவேட்டில் எழுதிய ஆசிரியர் தன் காதுக்கு எட்டியதை எழுதுவார், அதுவே மாற்றுச் சான்றிதழிலும் போய், பிள்ளை ஆயுசுக்கும் அந்தப் பெயரோடு திரிவாள். மேடையில் மைக்கைப் பிடித்துப் பெயர் வாசிக்கிறவர் அதை இன்னும் ஒருமுறை கெடுப்பார், கூட்டம் சிரிக்கும்.

பெயரை வீட்டுக்காரர்களே கூப்பிட்டால் என்ன? பிள்ளையின் அம்மாவோ தாத்தாவோ மைக்கில். தங்கள் மொழியில் ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடட்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும்தான், தோட்டத்துப் பிள்ளைகள், படகர், எல்லாருக்கும். இதற்குச் செலவு ஒரு ரூபாய் இல்லை.

பிப்ரவரி 10

தோடர் பெரியவர்கள் ஆசி கொடுப்பது காலால். சின்னவர் குனிய, பெரியவர் பாதத்தைத் தூக்கி நெற்றியில் வைப்பார். மேடையில் அது நடந்தால் கூட்டம் தப்பாக எடுத்துக்கொள்ளும் என்று சக ஆசிரியர் ஒருவர் பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, முக்கியமாக செல்போன் படங்களை நினைத்து. எங்கள் தோடர் மாணவியின் வீட்டில் கேட்டேன். "அதை நாங்க வீட்டுலயே செஞ்சுக்கிறோம்" என்று அம்மா சொன்னார். முடிந்தது. நாங்கள் இரண்டு நாள் விவாதித்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 22

எங்கள் பள்ளியில் முடிவானது. பிள்ளைகள் எதை உடுத்துவது என்பது அவர்கள் இஷ்டம், அங்கியோ, புத்துக்குளியோ, கோத்தரின் வெள்ளைப் போர்வையான வராடோ, சீருடையோ. பெயர் கூப்பிடுவது வீட்டார். நடன நிகழ்ச்சி கிடையாது, படகர் ஆட்டம் மட்டும் கடைசியில் எல்லாரும் சேர்ந்து (இதை நிறுத்தினால் பிள்ளைகளே என்னை விடமாட்டார்கள்). விருந்தினருக்குச் சால்வை கிடையாது, ஆளுக்கு ஒரு செடி. இதற்கு எதிர்ப்பு இருந்தது, வருகிறவர் என்ன நினைப்பார் என்று. தலைமையாசிரியர் பொறுப்பேற்றுக்கொண்டார், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சான்றிதழ் ஓரத்துக்கு ஒரு குறும்பர் மாணவனின் மாமா படம் வரைந்து தருகிறார். வேங்கை மரத்துப் பாலும் கரியும் இலைச்சாறும் கொண்டு வரைவது அவர்கள் வழக்கம், பாறைச் சித்திரம் போலக் கோடுகோடாக மனிதர்கள், தேனடை, ஏணி. அவருக்குப் பணம் கொடுக்கிறோம், சான்றிதழின் கீழே அவர் பெயரும் அச்சாகிறது. "பழங்குடி ஓவியம்" என்று மட்டும் போட ஒருவர் சொன்னார். அச்சகத்துக்கு நானே போய் நின்றேன்.

மிச்சப்பட்ட சால்வைக் காசு வேனுக்கு. மூன்று ஊர்களிலிருந்து பெரியவர்களைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். இது இல்லாவிட்டால் மேலே எழுதிய எதுவும் நடக்காது, மாலை கடைசி பஸ்ஸுக்கு அவர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

மார்ச் 3

நேற்று நடந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கூப்பிட்டவர் ஒரு தோட்டத்துப் பாட்டி, மைக்கைக் கண்டு பயந்து பெயரை முணுமுணுத்தார். இரண்டாவதாக வந்த இருளர் தாத்தா பதிவேட்டுப் பெயரை விட்டுவிட்டு வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிவிட்டார். வகுப்பே "ஓ" என்று கத்தியது. பையன் காது சிவக்க ஓடி வந்தான், அங்கி தடுக்க. அவன்தான் கோட்டு கேட்டவன். அதற்குப் பிறகு வந்த வீட்டார் எல்லாரும் செல்லப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். 14 வருடம் இங்கே இருக்கிறேன், இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் இப்படிப் பெயர்கள் இருப்பது எனக்குத் தெரியாது.

ஒரு பெண்ணுக்கு யாரும் வரவில்லை. வேன் அவள் ஊருக்குப் போயும் அப்பா ஏறவில்லை. "நீங்களே கூப்பிடுங்க டீச்சர்" என்று அவளே வந்து சொன்னாள். கூப்பிட்டேன். இப்படி ஒரு பிள்ளை நிற்கும் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அடுத்த முறை யார் கூப்பிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடமே முதல் வாரத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோத்தர் பையன் வராடு போர்த்தி வந்தான். வரும் ஞாயிறு அவன் ஊருக்கு நாங்கள் ஆறு ஆசிரியர்கள் போகிறோம். ஆட வேண்டுமாம்.

இந்த வருடத்துத் தோடர் பெண், போன வருடம் மிஷின் சால்வையைத் திருப்பிப் பார்த்தாரே, அந்த அம்மாவின் இளையவள். புத்துக்குளி போர்த்தித்தான் வந்தாள். சான்றிதழ் கொடுக்கும்போது பார்த்தேன், ஒரு முனையில் சிவப்பும் கறுப்பும் நிறைந்திருந்தது, மறுமுனை வெறும் வெள்ளை, இரண்டு விரற்கடை தைத்து ஊசியோடு நூல் சுற்றி வைத்திருந்தது. "முடியலையாம்மா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"பன்னெண்டாவது முடிக்கட்டும் சார், அதுக்குள்ள தெச்சுருவேன்" என்றார் அவள் அம்மா.